கான்சாயில் விலங்குகளைப் பார்க்கக் கிளம்பும் முன்

ஜப்பானின் கோபே நகரில் உள்ள ஓஜி உயிரியல் பூங்காவில் டான்டான் என்றொரு பாண்டா இருந்தாள். 2000-ல் சீனாவிலிருந்து வந்தவள். 2024 மார்ச் 31 அன்று இறந்துபோனாள். ஷிராஹாமாவில் உள்ள அட்வென்ச்சர் வேர்ல்ட் விலங்குப் பூங்காவின் நான்கு பாண்டாக்களும் 2025 ஜூன் 28 அன்று சீனாவுக்குத் திரும்பிவிட்டன. கான்சாய் வட்டாரத்தில் இனிப் பார்ப்பதற்கு ஒரு பாண்டாகூட இல்லை. ஆனால் பழைய பயணக் குறிப்புகளில் பாண்டா இன்னும் மூங்கில் தின்றுகொண்டுதான் இருக்கிறது. அதை நம்பிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இரண்டரை மணி நேரம் ரயிலில் போய் இறங்குகிறவர்களின் முகத்தை நினைத்துப் பார்த்தால் எனக்கு மனம் பொறுப்பதில்லை. இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

ஒசாகா, கியோட்டோ, கோபே, நாரா, வாகயாமா, ஷிகா ஆகியவை சேர்ந்த பகுதியைக் கான்சாய் என்கிறார்கள். கிழக்கே ஒட்டியிருக்கும் மியே மாநிலத்தையும் நான் இதில் சேர்த்துக்கொள்கிறேன். காரணம் கடைசியில் தெரியும். உயிரியல் பூங்காக்களும் மீன்காட்சியகங்களும் இங்கே நெருக்கமாக இருக்கின்றன. ரயிலை விட்டு இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் பெரும்பாலானவற்றின் வாசலுக்கு வந்துவிடலாம். புதிதாக வருகிறவர்கள் இதைப் பார்த்ததும் ஒரே நாளில் மூன்று இடம் என்று திட்டம் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போடாதீர்கள்.

முதலில் செய்ய வேண்டியது: யாரைப் பார்க்கப் போகிறோம் என்று முடிவு செய்யுங்கள். எங்கே போவது என்பது அதற்குப் பிறகு. "யாரை" என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ஜப்பானியப் பூங்காக்களில் பல கூண்டுகளின் முன்னால் அந்த விலங்கின் பெயர், பிறந்த நாள், குணம் எல்லாம் எழுதிய பலகை இருக்கும். பராமரிப்பாளரே தன் கையால் எழுதி, ஓரத்தில் படமும் வரைந்து வைத்திருப்பார். ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் கைப்பேசியின் கேமராவைப் பலகையின் மேல் காட்டினால் மொழிபெயர்ப்புச் செயலி வாசித்துச் சொல்லிவிடும். இவள் ஆப்பிளை ஒதுக்கிவிட்டுக் காரட்டைத் தின்பவள், இவன் தன் அக்காவைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவன் என்று தெரிந்துகொண்டு பார்க்கும் விலங்கு வேறு. பொதுவாக "குரங்கு" என்று பார்த்துவிட்டுப் போகும் விலங்கு வேறு.

ஆளை முடிவு செய்த பிறகு, அந்த இடத்தின் இணையதளத்தைக் கிளம்பும் நாளன்று காலையில் ஒருமுறை பாருங்கள். அங்கே தேட வேண்டிய சொல் "டென்ஜி சூஷி": காட்சிக்கு வைப்பது நிறுத்தம் என்று பொருள். உடல்நலம் சரியில்லை, குட்டி ஈன்றிருக்கிறது, வீடு மாற்றுகிறார்கள், பறவைக் காய்ச்சல் பரவுகிறது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். குளிர்காலத்தில் பறவைப் பகுதிகளை மூடிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

விடுமுறை நாள் விஷயத்தில் கவனம் வேண்டும். ஒசாகாவின் டென்னோஜி பூங்காவுக்கும் கியோட்டோ நகரப் பூங்காவுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. கோபேயின் ஓஜி பூங்காவுக்குப் புதன்கிழமை விடுமுறை. திங்கட்கிழமை அரசு விடுமுறையாக அமைந்துவிட்டால் பூங்காவைத் திறந்து வைத்துவிட்டு மறுநாள் மூடுவார்கள். வெளியூர்க்காரர்கள் ஏமாறுவது இந்தச் செவ்வாய்க்கிழமைகளில்தான். முதல் வருடம் எனக்கும் அப்படி நேர்ந்தது. மூடிய வாசலுக்கு உள்ளே எங்கோ ஒரு கிப்பன் குரங்கு நீளமாகக் கூவிக்கொண்டிருந்தது. என் மகள் கம்பியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நின்றாள், கிளம்ப மறுத்துவிட்டாள். பூங்காவுக்கு விடுமுறை என்றால் "கியூஎன்பி", மீன்காட்சியகத்துக்கு விடுமுறை என்றால் "கியூகான்பி". இந்த இரண்டு சொற்களையும் கைப்பேசியில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவில் சில நாட்கள் பூங்காக்களை மூடிவிடுவார்கள். மீன்காட்சியகங்கள் பெரும்பாலும் வாரம் முழுவதும் திறந்திருக்கும்.

ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரையிலான "கோல்டன் வீக்" விடுமுறையையும், ஆகஸ்ட் நடுவில் வரும் ஓபோன் விடுமுறையையும் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் ஒசாகா வெயில் நம் ஊர்க் கத்திரி வெயிலுக்குச் சளைத்ததல்ல. காற்றிலும் ஈரம் கனத்துக் கிடக்கும். விலங்குகள் நிழலில் சுருண்டு படுத்துவிடும். பூங்காக்களுக்கு ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர்தான் ஏற்ற மாதங்கள். ஜூனில் மழைக்காலம் பிடித்துக்கொண்டால் மீன்காட்சியகத்துக்குப் போய்விடலாம்.

டிக்கெட். நகராட்சி நடத்தும் பூங்காக்களில் பெரியவர்களுக்கு 500 முதல் 800 யென்னுக்குள் முடிந்துவிடும். வாசலிலேயே வாங்கிக்கொள்ளலாம். மீன்காட்சியகங்களின் கணக்கு வேறு. பெரியவற்றில் 2,000 யென்னுக்கு மேல்தான், சில நாட்களில் 3,000 யென்னையும் தாண்டும். ஒசாகாவின் கைய்யூகான் மீன்காட்சியகத்தில் நாளைப் பொறுத்து விலை மாறும். நுழையும் நேரத்தையும் குறித்துத்தான் டிக்கெட் வாங்க வேண்டும். இதை இணையத்தில் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மதியத்துக்குள் அன்றைய டிக்கெட் தீர்ந்துபோகும் நாட்களும் உண்டு.

பயணத்துக்கு இகோகா என்ற ரயில் அட்டை ஒன்று போதும். நகர ரயில், தனியார் ரயில், பஸ் எல்லாவற்றிலும் அதைத் தொட்டுவிட்டுப் போகலாம். பெரிய பெட்டிகளை ரயில் நிலையத்தின் நாணயப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். கூட்டத்தில் அவற்றை உருட்டிக்கொண்டு நடப்பது உங்களுக்கும் கஷ்டம், மற்றவர்களுக்கும் கஷ்டம்.

இனி இடங்களுக்கு வருகிறேன்.

ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் கைய்யூகானுக்குப் போங்கள். சூவோ தடத்தில் ஒசாகாகோ நிலையத்தில் இறங்கினால் ஐந்து நிமிட நடை. 1990-ல் திறந்த இடம் இது. பசிபிக் பெருங்கடலைச் சுற்றியுள்ள நிலங்களையும் கடல்களையும் ஒரே கட்டடத்துக்குள் அடுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே போனதும் நீளமான நகரும் படிக்கட்டு உங்களை எட்டாவது மாடிக்கு ஏற்றிவிடும். அங்கே முதலில் வருவது கடல் இல்லை, ஜப்பானியக் காடு. மரம், ஓடை, நீர்நாய். அங்கிருந்து சரிவுப் பாதையில் சுற்றிச் சுற்றிக் கீழே இறங்குகிறீர்கள். நடுவில் 9 மீட்டர் ஆழமும் 5,400 டன் நீரும் கொண்ட பெரிய தொட்டி. எந்தப் பக்கம் திரும்பினாலும் அது மறுபடி எதிரில் வந்து நிற்கும்.

இந்த அமைப்பின் அருமையை அவசரப்படுகிறவர்கள் தவறவிட்டுவிடுகிறார்கள். திமிங்கலச் சுறாவை மேல்தளத்தில் பார்க்கும்போது அதன் முதுகு தெரியும். கரும்பலகையில் சுண்ணாம்புப் பொட்டு வைத்தது போன்ற புள்ளிகளும் கோடுகளும். ஒரு தளம் இறங்கினால் அது உங்கள் கண்ணுக்கு நேராக வரும். அகன்ற வாய், ஓரத்தில் பொத்தான் அளவுக்குக் கண், கூடவே ஒட்டி நீந்தும் சின்ன மீன்கள். இன்னும் கீழே போனால் அதே சுறா உங்கள் தலைக்கு மேல் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கடந்து போகும். ஒரு கணம் வெளிச்சம் மறைந்து மீண்டும் வரும். ஒரே உயிரை மூன்று உயரங்களில் பார்த்த பிறகுதான் அது எவ்வளவு பெரியது என்பது உடம்புக்கு உறைக்கிறது. உலகின் மிகப் பெரிய மீன். ஆனால் அது தின்பது பொடிப்பொடியான இறால் வகை உயிர்களை. உணவு வேளையை "ஓஷோகுஜி டைமு" என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருப்பார்கள். அந்த நேரத்துக்கு மேல்தளத்தில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். உணவு மேலிருந்துதான் வரும்.

மாலை ஐந்து மணிக்குப் பிறகு விளக்குகளைக் குறைத்துவிடுகிறார்கள். பள்ளிக் குழந்தைகளின் கூட்டமும் அதற்குள் கலைந்துவிடும். எனக்குப் பிடித்த நேரம் அதுதான். கடைசிப் பகுதியில் வளையக் கடல்நாய்கள் இருக்கின்றன. தொட்டியின் அடிப்பாகம் உங்கள் தலைக்கு மேல் குவிமாடமாக இறங்கியிருக்கும். அதற்குள் ஒரு கடல்நாய் உருண்டையாக வந்து படுத்துக்கொண்டு உங்களையே பார்க்கும்.

படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு சொல்: பிளாஷ் போடக்கூடாது. செல்ஃபி கம்பு, முக்காலி எல்லாம் பெரும்பாலான இடங்களில் தடை. கறுப்பு நிற மேலாடை போட்டுக்கொண்டு போனால் கண்ணாடியில் உங்கள் பிம்பம் விழாது. கேமராவைக் கண்ணாடிக்கு மிக அருகில் வைத்து எடுங்கள். கண்ணாடியைத் தட்டுவது மட்டும் வேண்டவே வேண்டாம். நம் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே சொல்லி அழைத்துப் போவது நல்லது.

ஒசாகாவிலேயே டென்னோஜி பூங்கா இருக்கிறது. 1915 ஜனவரி 1 அன்று திறந்தது. டோக்கியோவின் உவேனோ, கியோட்டோ ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக ஜப்பானின் மூன்றாவது பழைய பூங்கா. இறங்க வேண்டிய நிலையத்தின் பெயரே டோபுட்சுஎன்-மாயே, அதாவது "உயிரியல் பூங்காவின் முன்". நடைமேடைச் சுவரில் ஓடுகளால் விலங்குப் படங்கள் பதித்திருப்பார்கள். வெளியே வந்தால் பொரித்த தின்பண்டக் கடைகளும் சூட்டென்காகு கோபுரமும் நிற்கும் பழைய ஷின்செகாய் பேட்டை. அதைத் தாண்டினால் பூங்கா வாசல். நீர்யானையைத் தண்ணீருக்குள் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். அத்தனை எடையுள்ள உடம்பு, நீருக்கடியில் நுனிக்கால் வைத்துத் துள்ளித் துள்ளி நடக்கிறது.

இங்கே யானை இருந்தது. 1970-ல் ஒசாகா உலகக் கண்காட்சியை ஒட்டி இந்தியாவிலிருந்து வந்த ராணி ஹிரோகோ. 2018 ஜனவரியில் அது இறந்த பிறகு பூங்காவில் யானை இல்லாமல் போனது. ஒரு விலங்கு இறந்தால் இங்குள்ள பூங்காக்களில் அதன் படத்தை வைத்து, பூ வைக்க ஒரு மேசை போடுவார்கள். மக்கள் வரிசையில் நின்று பூவும், அந்த விலங்குக்குப் பிடித்த பழமும், பிள்ளைகள் எழுதிய கடிதமும் வைத்துவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு மேசையைப் பார்க்க நேர்ந்தால் கேமராவை உள்ளே வைத்துவிட்டு ஒரு நிமிடம் நில்லுங்கள். போர்க்காலமான 1943-ல் இதே பூங்காவின் சிங்கம், புலி, சிறுத்தைகளை அதிகாரிகளின் ஆணைப்படி கொன்றுவிட்டார்கள். இந்த மரியாதைக்குப் பின்னால் அந்த நினைவும் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

யானை பார்க்க வேண்டும் என்றால் கியோட்டோவுக்குப் போகலாம். டோசாய் தடத்தில் கேஆகே நிலையம். அங்கிருந்து சற்று நடை. பூங்கா 1903-ல் திறந்தது. 2014-ல் லாவோஸிலிருந்து நான்கு யானைக் குட்டிகளைக் கொண்டுவந்தார்கள். நான்கு பருவங்களை வைத்துப் பெயர் சூட்டினார்கள்: ஹருமி, நட்சுமி, அகிதோ, ஃபுயுமி. ஹரு என்றால் வசந்தம், நட்சு கோடை, அகி இலையுதிர்காலம், ஃபுயு குளிர்காலம். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் அதன் லாவோஸ் பெயரையும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். பிறந்த ஊரின் பெயரை விட்டுவிடாமல் சேர்த்துக்கொண்டது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இந்தப் பூங்கா சிறியது. இரண்டரை மணி நேரத்தில் சுற்றிவிடலாம். கொரில்லாக் குடும்பத்தின் முன்னால் மட்டும் கூடுதலாக ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

எந்தப் பூங்காவானாலும் திறக்கும் நேரத்துக்குப் போய்விடுங்கள். ஒன்பது, ஒன்பதரைக்குத் திறப்பார்கள். காலை உணவை எதிர்பார்த்து விலங்குகள் நடமாடிக்கொண்டிருக்கும். மதியம் தூங்கிவிடும். மூடும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பாகவே பல விலங்குகளை உள்ளறைக்கு அழைத்துக்கொள்வார்கள். மூன்று மணிக்கு நுழைந்து காலிக் கூண்டுகளைப் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்று சொல்வதில் நியாயம் இல்லை.

சாப்பாடு பற்றிச் சொல்லியாக வேண்டும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு உள்ளே இருக்கும் கடைகளில் கிடைப்பது உருளைக்கிழங்கு வறுவலும் ஐஸ்கிரீமும்தான். நூடுல்ஸ் குழம்பில் காய் மட்டும் தெரிந்தாலும் அடியில் மீன் சாறு இருக்கும். நகராட்சிப் பூங்காக்களில் கட்டுச்சோறு கொண்டுபோய் உட்கார்ந்து சாப்பிடத் தடை இல்லை. அங்குள்ள குடும்பங்களே விரிப்பு போட்டு அமர்ந்துதான் சாப்பிடுகின்றன. புளியோதரையோ சப்பாத்தியோ கட்டிக்கொண்டு போங்கள். குப்பைத்தொட்டி அபூர்வம் என்பதால் ஒரு பையும் எடுத்துப் போங்கள். குப்பையைத் திரும்பக் கொண்டுவருவது அங்கே வழக்கம். கியோட்டோவில் வெளியே, காமோ ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் தலைக்கு மேல் பார்த்துக்கொள்ளுங்கள். பருந்துகள் பின்னாலிருந்து வந்து கையில் இருப்பதைப் பறித்துக்கொண்டு போய்விடும். மீன்காட்சியகத்திலிருந்து வெளியே சாப்பிடப் போய்விட்டுத் திரும்ப முடியுமா என்று தெரிய வேண்டுமானால், "சாய்நியூஜோ தேகிமாசு கா?" என்று கேளுங்கள். முடிந்தால் கையில் முத்திரை குத்தி அனுப்புவார்கள்.

கியோட்டோ மீன்காட்சியகம் 2012-ல் திறந்தது. கடலில்லாத ஊர் என்பதால் செயற்கைக் கடல் நீரைத் தயாரித்தே நடத்துகிறார்கள். ஆனால் அங்கே பார்க்க வேண்டிய உயிர் கடலைச் சேர்ந்ததே அல்ல. அருகிலுள்ள காமோ ஆற்றைச் சேர்ந்தது. நுழைந்ததும் முதல் தொட்டியில் இருக்கும் இராட்சத சாலமாண்டர், பல்லி வடிவத்தில் இருக்கும் நீர்வாழ் உயிர். ஜப்பானில் இதைச் சிறப்பு இயற்கைச் சின்னமாக அறிவித்துக் காக்கிறார்கள். ஒன்றரை மீட்டர்வரை வளரக்கூடியது. முதலில் பார்த்தால் தொட்டியின் மூலையில் பாசி படிந்த கற்கள் குவிந்து கிடப்பது போல இருக்கும். பெரும்பாலோர் ஒரு படம் எடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். நீங்கள் நகராதீர்கள். கற்களில் ஒன்றுக்கு விரல்கள் இருப்பது தெரியும். குழந்தையின் விரல்கள் போலக் குட்டையாக, உருண்டையாக. பிறகு அந்தக் கல் மெதுவாக எழுந்து, மூக்கை மட்டும் நீருக்கு வெளியே நீட்டி, ஒரு வாய் காற்றை வாங்கிக்கொண்டு மறுபடி அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதற்காகக் கால் மணி நேரம் நிற்கலாம். சீனாவிலிருந்து கொண்டுவந்த வேறு வகைச் சாலமாண்டர்கள் ஆற்றில் கலந்துவிட்டதால், காமோ ஆற்றில் இப்போது கலப்பினங்கள் பெருகிவிட்டன. அந்தச் சிக்கலையும் காட்சியகத்தில் விளக்கியிருக்கிறார்கள்.

கோபேயைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மழை நாளென்றால் துறைமுகத் தீவில் இருக்கும் கோபே அனிமல் கிங்டம். பெரும்பகுதி கூரைக்குள் இருக்கிறது. செருப்பு வடிவ அலகு கொண்ட ஷூபில் நாரையை அங்கே பார்க்கலாம். அசையாமல் நிற்பதே அதன் வேலை. அது ஒருமுறை தலையைத் திருப்பினால் கூடியிருப்பவர்கள் எல்லோரும் மூச்சை இழுத்துக்கொள்வார்கள். சுமா கடற்கரையில் 2024 ஜூனில் திறந்த சீ வேர்ல்டில் ஓர்கா என்னும் கொலைத் திமிங்கலங்களின் காட்சி நடக்கிறது. முன்வரிசையில் உட்கார்ந்தால் தலை முதல் கால் வரை நனைவீர்கள்.

ஓர்காவையும் டால்பினையும் தொட்டிக்குள் வைப்பது பற்றி எனக்கு மனம் ஒப்புவதில்லை. அதை மறைக்க விரும்பவில்லை. டால்பின்களைக் கரைக்கு விரட்டிப் பிடிக்கும் தாய்ஜி ஊர் கான்சாயின் தெற்கு முனையில், வாகயாமாவில்தான் இருக்கிறது. அப்படிப் பிடித்தவற்றை வாங்கக்கூடாது என்று ஜப்பானின் உயிரியல் பூங்கா, மீன்காட்சியகச் சங்கம் 2015-ல் தன் உறுப்பினர்களுக்குத் தடை விதித்தது. போகும் இடம் அந்தச் சங்கத்தில் உறுப்பினரா என்பதைப் பார்த்துவிட்டுப் போவது என் வழக்கம்.

வாகயாமாவுக்கே போவதானால் ஷிராஹாமாவில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சின்ன மீன்காட்சியகம் ஒன்று இருக்கிறது. 1930 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. ஆடம்பரமே கிடையாது. நண்டு, நட்சத்திர மீன், கடல் சாமந்தி, கடல் அட்டை என்று அந்த ஊர்க் கடலின் முதுகெலும்பில்லா உயிர்கள்தான் அங்கே நாயகர்கள். பிள்ளைக்குப் பத்து வயதுக்கு மேலாகி, எதையும் உற்றுப் பார்க்கும் குணமும் இருந்தால் இதைத் தவறவிடாதீர்கள்.

கடைசியாக டோபா. ஒசாகா நம்பாவிலிருந்து கின்டெட்சு விரைவு ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஜேஆர் நிறுவன ரயில்களுக்கான ஜேஆர் பாஸ் இதில் செல்லாது. பயணக் கட்டணத்தோடு விரைவு ரயிலுக்கான தனிச் சீட்டும் வாங்க வேண்டும். நிலையத்திலிருந்து கடலோரமாகப் பத்து நிமிடம் நடந்தால் டோபா மீன்காட்சியகம். ஏறத்தாழ 1,200 வகை உயிர்கள். ஜப்பானில் இவ்வளவு வகைகளை வைத்திருக்கும் இடம் வேறில்லை. இந்த வழியாகத்தான் போக வேண்டும் என்ற அம்புக்குறி உள்ளே கிடையாது. எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம். பெரும்பாலோர் கடல் நீர்நாய்களான மேய், கிரா இருவரையும் தேடி ஓடுவார்கள். 2025-ல் ஜப்பானின் காட்சியகங்களில் எஞ்சியிருந்த கடல் நீர்நாய்கள் இந்த இரண்டு மட்டுமே. அதனால் வரிசை நீளமாகத்தான் இருக்கும். ஆழ்கடல் பகுதியில் "டாயோ குசோகுமுஷி" என்ற உயிரினத்தையும் பாருங்கள். பெயருக்குக் கவசப் பூச்சி என்று பொருள். இங்கே இருந்த ஒன்று 2009 ஜனவரியில் ஒரு மீனைத் தின்ற பிறகு எதையும் தொடவில்லை. 2014 பிப்ரவரி 14-ல் இறக்கும் வரை, ஐந்து ஆண்டுகளுக்கு மேல்.

ஆனால் நான் டோபாவுக்குப் போவது செரீனாவுக்காக. 1987-ல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த கடற்பசு. ஜப்பானில் வேறெந்தக் காட்சியகத்திலும் கடற்பசு இல்லை. நம் பாக் நீரிணையில் இதே இனம் வாழ்கிறது. மீனவர்கள் ஆவுளியா என்பார்கள். தஞ்சை, புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022-ல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. அந்தக் கடலில் எத்தனையோ முறை படகில் போயும் ஒன்றைக்கூடப் பார்க்காதவன் நான். ஊரிலிருந்து இத்தனை தொலைவு வந்து, இங்கேதான் அதை முதன்முதலாகப் பார்த்தேன். சாம்பல் நிற உடம்பு, மேல்முதுகில் மெல்லிய முடிகள், புல்லைக் கவ்வுவதற்கென்றே கீழ்நோக்கி மடிந்த அகன்ற உதடு. கடற்புல்லை ஒரு பசு மேய்வது போலவே, அவசரமே இல்லாமல் தின்கிறாள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே போய் மூச்சு வாங்கும்போது மூக்கின் இரண்டு மூடிகளும் திறந்து மூடுவது தெரியும். திறந்ததும் நேராக அவள் தொட்டிக்குப் போய்விடுங்கள். எல்லோரும் நீர்நாய் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள். கண்ணாடியின் முன்னால் நீங்களும் அவளும் மட்டும்தான் இருப்பீர்கள்.